ஒற்றை வார்டர்

விடிய இன்னும் ஒரு நாழிகை இருந்தது. மூன்றாம் கட்டின் கல்தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தேய்ந்துபோன துடைப்பக்கட்டையால் மலத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார் யாகூப். பினாயில் தீர்ந்து ஒன்பது நாளாகியிருந்தது. சாம்பலும் சுண்ணாம்பும் தூவித் தேய்த்ததில் அவருடைய விரலிடுக்குகள் வெந்து தோலுரிந்து கிடந்தன. பாலுசாமி இரண்டு இரும்பு வாளிகளில் கிணற்றுத் தண்ணீர் சுமந்து வந்து ஊற்றினான். ஊற்ற ஊற்ற நாற்றம் கிளம்பி மூக்கில் ஏறியது. சுவரோரம் இருபத்தெட்டு மனிதர்கள். ஒருவர் அழுதார். ஒருவர் சுவரோடு சண்டை போட்டார். இன்னொருவர் இராத்திரி முழுக்கச் சொன்ன ஒரே வார்த்தையை இன்னும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வெரசா ஊத்து, கண்ணு. பொளுது ஏறிப்போச்சுன்னா கெணறு நம்முளுது இல்லை" என்றார் யாகூப்.

துடியலூரைத் தாண்டி மேட்டுப்பாளையம் சாலையோரம் இருந்தது அந்த இடம். வாசற்பலகையில் 'மனோவியாதி தர்ம வைத்தியசாலை' என்று எழுதியிருந்தது. ஊரார் வாயில் அது கிறுக்காஸ்பத்திரி. பருத்தி அரைக்கும் ஆலை வைத்திருந்த முதலாளி ஈஸ்வரமூர்த்தி தம் தகப்பனார் பேரில் கட்டிய தர்மம் அது. கோயம்புத்தூர் வியாபாரிகள் நன்கொடை கொடுத்தார்கள். சர்க்கார் மானியம் கொடுத்தது. முதல் ஒன்பது வருஷம் குறை சொல்ல முடியாதபடிதான் நடந்தது. அப்புறம் ஆஸ்பத்திரித் தோட்டம் ஆறு ஏக்கரில் முதலாளி கம்போடியாப் பருத்தி போட்டார். அன்றிலிருந்து ஆஸ்பத்திரி, பருத்திக்கு வேலைக்காரியாகிப் போனது.

பொழுது புறப்பட்டதும் கிணற்றில் கவலை ஏற்றம் பூட்டுவார்கள். மாடுகள் இறைக்கும் தண்ணீர் அந்தி வரை பருத்திக் காட்டுக்குப் பாயும். நோயாளிகளுக்கு விடியலில் பிடித்து வைத்ததுதான் தண்ணீர். இந்தப் பங்குனி வெயிலில் அது உச்சிப்பொழுதுக்கு முன்பே தீர்ந்துவிடும். ஆட்களையும் குறைத்தார்கள். இருபத்தொன்பது பேர் பார்த்த வேலையை இப்போது பதினேழு பேர் பார்த்தார்கள். கட்டுக்கு இரண்டு வார்டர் என்றிருந்தது கட்டுக்கு ஒருவர் என்றானது. மூன்றாம் கட்டில் மட்டும் இருவரை விட்டுவைத்திருந்தார்கள். புதிதாக வந்து சேரும் நோயாளிகளையும், கொந்தளித்துக்கொண்டிருப்பவர்களையும் அங்கேதான் வைப்பார்கள்.

யாகூபுக்கு அங்கே பன்னிரண்டு வருஷம். கோட்டைமேட்டுக்காரர். கதவளவு உடம்பு, ஆனால் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. ஒரு வருஷத்துக்கு முன் வேலைக்குச் சேர்ந்த பாலுசாமிக்கு அவர்தான் எல்லாம் சொல்லிக்கொடுத்தார்.

"மொதப் பத்து நாளுதான் கண்டம். பொறத்தால போயித் தொட்டுப்போடாதே. வாசலை அடைச்சுக்கிட்டு நிக்காதே, தப்பிக்க வழி இல்லைன்னு தெரிஞ்சாத்தான் மனுசன் பாயுவான். பேரு சொல்லிக் கூப்புடு. இல்லைன்னு ஒரு சொல்லு சொல்ல வேண்டி வந்தா, எப்பக் கெடைக்கும்னு அடுத்த சொல்லையும் சேத்துச் சொல்லு. ஒருத்தன் பேசோணும், இன்னொருத்தன் மத்தவங்களை அக்கட்ட கூட்டிக்கிட்டுப் போகோணும். ஒத்தையா மட்டும் உள்ள போகாதே."

அந்தக் கட்டுக்கு நான்கு நாளைக்கு முன் வந்தவன் தம்பிதுரை. சென்னிமலையில் தறி போடுகிறவன். நூல் கிடைக்காமல் தறி நின்ற நாலாம் மாசம் தூக்கம் போனது. அப்புறம் காதில் யாரோ பேச ஆரம்பித்தார்கள். அண்ணன் அவனைக் கயிற்றால் கட்டி வண்டியில் போட்டுக் கொண்டுவந்தான். யாகூப் ஒரு மணி நேரம் வண்டிச் சக்கரத்தோரம் உட்கார்ந்து பேசி, கட்டை அவிழ்த்து, கையைப் பிடிக்காமலே உள்ளே நடத்திக் கூட்டிப் போனார். மணிக்கட்டில் கயிறு அறுத்த இடத்தில் தேங்காயெண்ணெய் தடவியது பாலுசாமி.

அன்று காலை ஒன்பது மணிக்கு மேனேஜர் வேங்கடசாமி குடையோடு வந்தார்.

"பாய், அமைதியா இருக்கறவனாப் பார்த்துப் பத்துப் பேரைக் கூட்டிக்கிட்டுக் காட்டுக்குப் போ. பருத்தி வெடிச்சுக் கிடக்குது. கூலியாளு கிடைக்கலை."

"பாலுசாமி ஒத்தையா இருப்பானுங்களே. புதுசா மூணு பேரு இருக்கறாங்க. அந்தச் சென்னிமலைத் தம்பி ரெண்டு நாளா முழிச்சுக்கிட்டே இருக்கறானுங்க."

"கதவைப் பூட்டிக்கிட்டு இருக்கச் சொல்லு. பருத்தி காத்துல பறந்தா நீ பதில் சொல்வியா?"

"ஆளு செத்தா நீங்க பதில் சொல்லுவீங்களா?"

மேனேஜர் குடையை மடக்கினார். "வாய் நீளுது, பாய். போகலைன்னா இன்னைக்கோட கணக்கு முடிஞ்சுது."

வீட்டில் மூன்று பெண்மக்கள் இருந்தார்கள். யாகூப் போனார். பின்னாளில் அதை நினைக்கும்போதெல்லாம் அவர் தன்னை மன்னித்துக்கொள்ளவில்லை.

காட்டில் வெயில் கொளுத்தியது. வெடித்த காயின் முனைகள் நோயாளிகளின் விரலைக் கீறின. யாகூப் பருத்தியைப் பார்க்கவில்லை, கட்டிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பொழுது உச்சிக்கு வந்தபோது மூன்றாம் கட்டிலிருந்து அலறல் கேட்டது. ஒரே ஒரு அலறல். அதன்பின் தகரத்தில் அடிப்பது போன்ற சத்தம். யாகூப் ஓடினார்.

பெண்கள் கட்டின் ஆயா பாவாத்தாள் அதற்குள் கதவைத் திறந்திருந்தாள். வாசலுக்கு ஒரு முழம் உள்ளே பாலுசாமி குப்புறக் கிடந்தான். முகத்தின் இடப்பக்கம் இரத்தமாக இருந்தது. கண் இருந்த இடத்தைப் பாவாத்தாள் தன் முந்தானையால் பொத்தி அழுத்தினாள். மூலையில் தம்பிதுரை, கையில் இரும்பு வாளி. மற்ற நோயாளிகள் சுவரில் மோதிக்கொண்டு கத்தினார்கள்.

இரண்டாம் கட்டு வார்டர் திருமூர்த்தி கவலைக்காரனின் தார்க்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு வந்தான். அவன் பின்னால் இன்னும் மூன்று பேர்.

"தள்ளுங்க பாய். அவனை இன்னைக்குக் கொன்னுபோடறேன்."

யாகூப் நகரவில்லை. "நீ அடிச்சா பாலுசாமிக்குக் கண்ணு வந்துருமா? அவனைத் தூக்கி வண்டியில போடு. மத்தவங்களை வெளித்திண்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போ. கம்பைக் கீழ வை."

"அவன் உங்களையும் அடிப்பான்!"

"அடிக்கட்டும். நீ கம்பைக் கீழ வை."

அறை காலியானது. யாகூப் கதவை அகலத் திறந்துவைத்தார். தம்பிதுரைக்கும் வாசலுக்கும் நடுவில் நிற்காமல், பக்கவாட்டில் ஆறடி தள்ளித் தரையில் உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் விரித்து முழங்காலில் வைத்தார். கால் பெருவிரல் பாலுசாமியின் இரத்தத்தில் நனைந்தது. அவருக்குள்ளும் கோபம் கொதித்தது. அதை விழுங்கினார்.

"தம்பிதுரை. நான் யாகூப். வண்டியில வந்தப்பக் கட்டு அவுத்துவிட்டேனே, அந்த ஆளு."

வாளி உயர்ந்தது.

"ஒண்ணும் பண்ணமாட்டேன். என்னமோ வேணும்னு கேட்டிருக்கறே. என்ன கேட்டே?"

நெடுநேரம் கழித்து, உலர்ந்த நாக்கு மேலண்ணத்தில் ஒட்டி ஒட்டிப் பிரிய, அவன் சொன்னான்: "தண்ணி. மூணு தரம் கேட்டேன். குடத்துல தண்ணி இருக்குது, உனக்கு மட்டும் குடுக்கமாட்டான்னு காதுல சொல்றாங்க."

யாகூப் திரும்பிப் பார்த்தார். மூலையில் இருந்த குடம் கவிழ்ந்து கிடந்தது, அடியில் ஈரம்கூட இல்லை. பாவாத்தாள் சமையலறையிலிருந்து ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்தாள். யாகூப் அதைத் தரையில் நகர்த்தி அவன் காலடிக்கு விட்டார். தம்பிதுரை குடித்தான். இரண்டாவது செம்பையும் குடித்தான். மூன்றாவது செம்புக்குக் கை நீட்டியபோது வாளி தானாகவே கீழே இறங்கிவிட்டது.

பெரிய ஆஸ்பத்திரியில் பாலுசாமியின் உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். இடது கண் போய்விட்டது.

மறுநாள் காலை இரண்டு உத்தரவுகள் வந்தன. பாலுசாமி கவனக்குறைவாக இருந்ததால் வேலையிலிருந்து நீக்கப்பட்டான். தம்பிதுரையையும் 'அடங்காத' இன்னும் ஆறு பேரையும் சங்கிலியில் கட்ட வேண்டும். அரவை ஆலையிலிருந்து வண்டி வந்தது. கால்விலங்கோடு ஏழு சங்கிலி, பூண் கட்டிய பதினாறு மூங்கில் தடி. ஆளுக்கொரு தடி.

"எனக்கு ரெண்டு குடுங்க" என்றான் திருமூர்த்தி, மேனேஜரிடம்.

அந்த நேரத்தில்தான் பாலுசாமியின் மனைவி மயிலாத்தாள் வந்தாள். பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து நேராக நடந்தே வந்திருந்தாள். புழுதி முழங்கால் வரை ஏறியிருந்தது. யாரிடமும் பேசாமல் மூன்றாம் கட்டுக்குப் போய், கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எவன் அவன்?"

யாகூப் காட்டினார்.

தம்பிதுரை எழுந்து கம்பியருகே வந்தான். கும்பிட்டான். "ஏனுங்க அம்மணி, நீங்க பாலுசாமியண்ணன் ஊட்டுலீங்களா? சாடை தெரியுதுங்க, அன்னைக்குச் சோறு கொண்டுவந்தீங்க. நல்ல மனுசனுங்க அவரு. கைக்கு எண்ணெய் போட்டுவிட்டாரு. இன்னைக்குக் காங்கலையே, சொகமில்லீங்களா?"

மயிலாத்தாளின் கை கம்பியில் இறுகியது. அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. தான் செய்தது அவனுக்கே தெரியாது. இவனை என்ன சொல்லி வைவது?

"எதுக்குங்க இவன் அடிச்சான்?" என்று யாகூபைக் கேட்டாள்.

"தண்ணி கேட்டிருக்கறான். கொடம் காலி. பாலுசாமி கதவைத் தொறந்து எடுத்துக்கிட்டு வரலாமுன்னா, ஒத்தை ஆளு, இருபது பேரை உட்டுப்போட்டு நகர முடியலை. சித்தெ பொறுன்னு சொல்லியிருக்கறான். கூப்புட்டாக் கேக்கற தூரத்துல ஆளில்லை. நான் காட்டுல பருத்தி எடுத்துக்கிட்டு இருந்தேன்."

மயிலாத்தாள் கட்டிடத்தைச் சுற்றிப் பின்னால் போனாள். தொட்டியில் கை விட்டுப் பார்த்தாள். அடியில் பாசி காய்ந்து உரிந்திருந்தது. பத்தடி தூரத்தில் வாய்க்காலில் தண்ணீர் சலசலத்துப் பருத்திக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தபடியே நின்றாள்.

"எங்க ஊட்டுக்காரரு அவனை மன்னிக்கலை. நானும் மன்னிக்கலை. இனியும் மன்னிக்கமாட்டேன்" என்றாள். "ஆனா இந்த வாய்க்கால வெட்டுன கையி எதுன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சுங்க."

மத்தியானக் கஞ்சி ஊற்றி முடித்ததும் சமையற்கட்டில் பதினாறு பேரில் பதின்மூன்று பேர் கூடினார்கள். மூன்று பேர் கட்டுகளில் காவலிருந்தார்கள். பேச்சு எடுத்த எடுப்பிலேயே சண்டையாகிவிட்டது.

"பீளமேட்டு மில்லுல வேலையை நிறுத்துனாங்க. ராட்டு நின்னுது, மொதலாளி எறங்கி வந்தான்" என்றான் திருமூர்த்தி. "நாமளும் கதவைப் பூட்டிப்போட்டு ரோட்டுல போயி உக்காரலாம்."

"ராட்டுக்குத் தாகம் எடுக்காது" என்றாள் பாவாத்தாள். "என்ற கட்டுல ஒரு புள்ளை மூணு மாசமா ஊட்டிவிட்டாத்தான் சோறு எறக்குது. நான் ரோட்டுல உக்காந்தா அவ சாவா."

"அப்பத் தடியை எடுத்துக்க! அதுதானே வேணும் உனக்கு? நாளைக்கு உன் கண்ணு போகும்."

"தடி எடுத்தாலும் போகும்" என்றார் யாகூப். எல்லாரும் திரும்பினார்கள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நான் வேலைக்கு வந்த மொத வருசம் ஒருத்தனை அடிச்சேன். அவன் மேல வந்து உளுந்தான்னு அடிச்சேன். கையி ஒடிஞ்சுபோச்சு. அப்பறம் ஆறு மாசம் நான் கட்டுக்குள்ள காலு வெச்சா இருபது பேரும் எந்திரிச்சு நிப்பாங்க. மருவாதிக்கு நின்னாங்கன்னா நெனைச்சே? பயத்துல நின்னாங்க. பயந்தவன் எப்பப் பாயுவான்னு சொல்ல முடியாது. அந்த ஆறு மாசத்துல மூணு தரம் என் மண்டை ஒடைஞ்சுது. தடி இருக்கற கட்டுலதான் அடி எச்சா விழுகும். சங்கிலி போட்டவனுக்கும் சோறு குடுக்கப் பக்கத்துல போயித்தானே ஆகோணும்?"

திருமூர்த்தி தன் கையிலிருந்த தடியைப் பார்த்தான். "அப்ப என்னதான் பண்றது? சும்மா கண்ணைக் குடுத்துக்கிட்டே இருக்கறதா?"

அடுப்பில் கரி வெடித்தது. பாவாத்தாள்தான் வாயைத் திறந்தாள்.

"நிறுத்த வேண்டாம். ஆரும் வெளிய போகவும் வேண்டாம். ரெண்டு மொறை ஆளும் ஊட்டுக்குப் போகாம உள்ளயே இருப்போம். கட்டுக்கு ரெண்டு பேரு. முன்னால எப்படிப் பார்த்தோமோ அப்படிப் பார்ப்போம். பருத்திக்கு மட்டும் ஒரு கையி போகாது. சங்கிலியும் தடியும் ஆபீசு வாசலுக்குப் போகட்டும். தண்ணி நம்ம தொட்டிக்கு வரட்டும். வேலையை உட்டாத்தானே நம்மளைப் பழி சொல்லுவாங்க? வேலையை முளுசாச் செஞ்சுபோடுவோம். என்ன சொல்றாங்கன்னு பாக்கலாம்."

"சம்பளம்?"

"இப்ப மட்டும் தேனும் பாலுமா ஓடுது?"

திருமூர்த்தி சிரிக்கவில்லை. ஆனால் தடியை அடுப்போரம் சாத்திவிட்டு, "மம்பட்டி எங்க இருக்குது?" என்று கேட்டான்.

வாய்க்காலின் மடையை அவர்கள் பட்டப்பகலில் திருப்பினார்கள். திருமூர்த்தி வெட்ட, பெண்கள் மண்ணை அள்ளிப் போட்டு அணைத்தார்கள். மயிலாத்தாளும் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினாள். தண்ணீர் ஒரு கணம் தயங்கி, சுழித்து, ஆஸ்பத்திரித் தொட்டிக்குள் விழுந்தது. கவலைக்காரர் மாடுகளை ஓட்டியபடியே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு எறைக்கத்தான் உத்தரவு. எங்க போகுதுன்னு பாக்கறது என் வேலையில்லீங்க" என்றார். ஏழு சங்கிலிகளும் பதினைந்து தடிகளும் ஆபீஸ் வாசற்படியில் போய்க் குவிந்தன. பதினாறாவதைச் சமையற்காரி நாச்சியம்மாள் அடுப்பில் வைத்துவிட்டாள்.

ஒரு மணி நேரத்தில் முதலாளியின் மோட்டார் வந்தது. ஈஸ்வரமூர்த்தி வெள்ளை வேட்டி, சரிகை அங்கவஸ்திரம், நெற்றியில் திருநீறு. கீழே குவிந்த சங்கிலிகளைச் செருப்புக் காலால் ஒதுக்கினார். மேனேஜர் வேங்கடசாமி அவர் பின்னால் பாதி மறைந்து நின்றார்.

"மடையைத் திருப்புனது ஆரு?"

"பதினாறு பேருமுங்க" என்றாள் பாவாத்தாள்.

"பதினேழுங்க" என்றாள் மயிலாத்தாள்.

"நீ ஆரு?"

"கண்ணு போனவரோட சம்சாரமுங்க."

முதலாளியின் குரல் ஒரு கணம் தணிந்தது. "அம்மணி, உன்ற புருசனுக்கு நடந்தது எனக்கும் வெசனந்தான். ஆனா அவன் கவனமா இருந்திருக்கோணும். நோயாளியை அடக்கத் தெரியாதவன் இந்த வேலைக்கு வந்திருக்கக் கூடாது."

"இருபது பேரை ஒத்தை ஆளு எப்படிங்க அடக்கறது? நீங்க ஒரு நாளைக்கு உள்ள இருந்து காட்டுங்க. சோறு நான் கொண்டாந்து தாரேன்."

மேனேஜர் "ஏய்!" என்றார். முதலாளி கையமர்த்தினார்.

"யாகூப், நீ மூத்தவன். இது மில்லு இல்லை, ஆஸ்பத்திரி. நிறுத்தம் கிறுத்தம்னு கெளம்பினா உள்ள இருக்கறவங்க ஒருத்தனை ஒருத்தன் கொன்னுபோடுவாங்க. அந்தப் பாவம் உன் தலையில."

"நாங்க நிறுத்துனோம்னு ஆருங்க சொன்னது? உள்ள வந்து பாருங்க. இன்னைக்குத்தானுங்க வேலை சரியா நடக்குது. தரை கழுவியாச்சு. எல்லாருக்கும் தண்ணி குடுத்தாச்சு. ரெண்டு ரெண்டு பேராப் போறோம். காலையிலிருந்து ஒரு கையி ஓங்கலை."

"என் தண்ணியில!"

"ஆஸ்பத்திரிக் கெணறுங்க அது."

"கெணறு வெட்டுனது எங்கப்பன்."

"ஆமாங்க. சீக்குக்காரங்களுக்குன்னு வெட்டுனாரு. பருத்திக்குன்னு வெட்டுனா அதுக்குத் தர்மம்னு பேரு வெச்சிருக்கமாட்டாரு."

ஈஸ்வரமூர்த்தியின் முகம் கறுத்தது. இதுவரை இருந்த பெரியமனிதத் தோரணை உதிர்ந்தது. "நன்றி கெட்ட நாய்களா! சோறு போட்டேன் பாரு, என்னைச் சொல்லோணும். பதினாறு பேரும் இப்பவே வெளிய போங்க. பேக்டரியில இருந்து ஆளு வருது. தடி புடிக்கத் தெரிஞ்ச ஆளு. நாளைக்கு இங்க பூனை மாதிரி இருக்கும், எல்லாம் அடங்கி."

"நாங்க போகமாட்டோமுங்க" என்றார் யாகூப். "பாலுசாமிக்கு வேலையும் வைத்தியமும் வர்ற வரைக்கும், கட்டுக்கு ரெண்டு ஆளுன்னு நீங்க எழுதிக் குடுக்கற வரைக்கும், கெணறு பகல் முழுக்க சீக்குக்காரங்களுக்குன்னு ஆகற வரைக்கும், இந்தச் சங்கிலி இந்த வாசப்படியைத் தாண்டி உள்ள வராது. எங்களை மிதிச்சுக்கிட்டுத்தான் கொண்டுபோகோணும்."

அன்று அரிசி வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மேனேஜர் பண்டக அறையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நாச்சியம்மாள் இருந்த ராகியைக் கரைத்து ஊற்றினாள். வார்டர்கள் கடைசியாகக் குடித்தார்கள், சிலர் குடிக்கவில்லை. இரண்டாம் நாள் ஒரு நோயாளி பசியில் கதவை முட்டி நெற்றியை உடைத்துக்கொண்டார். "எல்லாம் உங்களாலே" என்று இன்னொரு நோயாளி திருமூர்த்தியின் முகத்தில் துப்பினான். திருமூர்த்தியின் கை முறுக்கேறி எழுந்தது. பக்கத்தில் நின்ற யாகூப் அவன் தோளோடு தோளை ஒட்டிக்கொண்டார். திருமூர்த்தி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பேரு சொல்லிக் கூப்புடோணும், இல்லையா பாய்?" என்றான். அந்த மனிதனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டான்.

மயிலாத்தாள் சும்மா இருக்கவில்லை. துடியலூர்ச் சந்தையில் நின்று நடந்ததைச் சொன்னாள். பீளமேட்டில் மில் சங்கத்துக்காரர்களிடம் போய்ச் சொன்னாள். மூன்றாம் நாள் காலை ஒரு மாட்டுவண்டி வந்தது. மில் தொழிலாளிகள் வீடு வீடாகப் பிடியரிசி வாங்கிச் சேர்த்த மூட்டைகள் அதில் இருந்தன. வண்டியோடு நோயாளிகளின் சொந்தக்காரர்கள் சிலரும் வந்தார்கள். தம்பிதுரையின் அண்ணன் சென்னிமலையிலிருந்து வந்திருந்தான். மயிலாத்தாளைக் கண்டதும் அவன் காலில் விழப்போனான். அவள் விலகிக்கொண்டாள்.

"உளுகாதீங்க. மூட்டையைத் தூக்குங்க."

மூட்டைகள் உள்ளே போய்க்கொண்டிருந்தபோதே முதலாளியின் மோட்டாரும், பின்னால் ஒரு லாரியும் வந்து நின்றன. லாரியில் பத்துப் பேர், கையில் தடி, தலைமுடியில் அரவைப் பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தது. வார்டர்கள் வாசலுக்கு வந்தார்கள். யாகூப் நடுவில் நின்றார். வலப்பக்கம் பாவாத்தாள், இடப்பக்கம் திருமூர்த்தி. உள்ளே கட்டுக்கு இருவர் இருக்க, மிச்சமிருந்தவர்கள் கைகோத்து வாசலை அடைத்தார்கள்.

"எறங்குங்கடா" என்றார் முதலாளி. "கட்டுக்கு ஒருத்தன். இவங்களை இழுத்துப்போட்டுட்டு உள்ள போ."

பத்துப் பேரும் இறங்கினார்கள். அவர்களில் மூத்தவன் ஒருவன், பிடரியில் பொதிசுமந்த காய்ப்பு உள்ளவன், கம்பி ஜன்னல்களைப் பார்த்தான். உள்ளேயிருந்து யாரோ ஓலமிட்டார்கள்.

"எசமாங்களே, பஞ்சுப் பேல் தூக்கோணும்னுதானுங்க சொன்னாங்க."

"இதுவும் வேலைதான். போ."

"உள்ள எத்தனை பேருங்க?"

"முப்பது இருக்கும். பூட்டு இருக்குது, தடி இருக்குது. என்ன பயம்?"

அவன் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தான். பிறகு முதலாளியைப் பார்த்தான். "ஏனுங்க, முப்பது பேருக்கு நடுவால ஒத்தையாவுங்களா? ரெண்டு பேராவது போட்டுக் குடுங்க. ஒத்தையா நான் போகமாட்டேனுங்க."

வாசலில் நின்றிருந்த திருமூர்த்தி சிரித்தான். சிரிப்பு வரிசையில் ஒவ்வொருவராகத் தொற்றியது. பாவாத்தாள் சிரிக்கவில்லை, அந்த மூத்தவனைப் பார்த்துச் சொன்னாள்: "அதையேதானுங்க நாங்களும் கேட்டோம். அதுக்குத்தான் உங்களைக் கூட்டிக்கிட்டு வந்திருக்கறாங்க."

அந்த மனிதன் வெகுநேரம் யோசித்தான். முதலாளியின் ஆலையில்தான் அவனுக்கும் சோறு. அவனுக்கும் வீட்டில் வாய்கள் இருந்தன. அந்தக் கணக்கெல்லாம் அவன் முகத்தில் ஓடியதை யாகூப் பார்த்தார். கடைசியில் அவன் தடியை லாரிக்குள் எறிந்தான். பின்னால் இன்னொரு தடி விழுந்தது. பிறகு இன்னொன்று. பத்தில் ஏழு விழுந்தன. மூன்று பேர் தடியோடு லாரியில் ஏறிக்கொண்டார்கள்.

"நாளைக்குப் பேக்டரி வாசல்ல உங்க மூஞ்சியைப் பாக்கக் கூடாது!" என்று கத்தினார் ஈஸ்வரமூர்த்தி. யாகூபின் பக்கம் விரலை நீட்டினார். "நீயும் தப்பமுடியாது. போலீசோட வாரேன். கலெக்டர் உத்தரவோட வாரேன்."

"வாங்க. கலெக்டரையும் கூட்டிக்கிட்டு வாங்க. கட்டுக்கட்டாக் காட்டறோம்" என்றார் யாகூப்.

மோட்டாரும் லாரியும் புழுதி கிளப்பிக்கொண்டு போயின. ஒன்றும் முடிந்துவிடவில்லை. பாலுசாமியின் கண் திரும்பாது. நாளை போலீஸ் வரலாம், லத்தி விழலாம், பதினாறு பேரும் ஜெயிலுக்குப் போகலாம். ஆலையில் ஏழு பேருக்கு வேலை போனது போனதுதான். அது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும்.

அந்த மூத்தவன் இன்னும் சாலையிலேயே நின்றுகொண்டிருந்தான். "என்ற பேரு அப்துல் கையூமுங்க" என்றான், யாரும் கேட்காமலே. "போக இடமில்லை. இங்க மூட்டை தூக்கற வேலையாவது இருக்குதுங்களா?"

"இருக்குது, வாங்க" என்றார் யாகூப். "ஆனா அதுக்கு முன்னால மூணாம் கட்டுல சோறு போடோணும். அங்க ஒரு ஆளு கொறையுது. நான் பேசறேன், நீங்க என் பக்கத்துல நில்லுங்க."

கையூம் வேட்டியை மடித்துக் கட்டினான். இருவரும் வாசலைத் தாண்டி உள்ளே போனார்கள். வெளியே சாலையில் நோயாளிகளின் சொந்தக்காரர்களும் ஆலைக்காரர்கள் ஆறு பேரும் மயிலாத்தாளும், லாரி திரும்பி வரும் வழியை மறித்து, தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.